கோலி விழும் ஓசை

தேர்தல் நாளில் வாக்குச்சாவடிப் பணிக்கு வரும் நீமா சான்யாங் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். புதிதாக வருபவர்கள் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். காம்பியாவில் வாக்குச்சீட்டு கிடையாது. திரைக்குப் பின்னால் வேட்பாளருக்கொரு நிறத்தில் தகரப் பீப்பாய்கள் நிற்கும். ஆளுக்கொரு கண்ணாடிக் கோலி. போட்டால் உள்ளே மணி அடிக்கும். ஒரே ஆள் உள்ளே இருக்கும்போது இரண்டாவது மணி கேட்டால் நீமாவின் கண் திறந்துவிடும். "யாருப்பா அது, மடியில கோலி கொண்டாந்தது? வெளிய வா!"

மற்ற நாட்களில் கடற்கரைச் சந்தையில் புகைபோட்ட மீன் விற்பார். பேரம் நீண்டால், "மீனைப் பாரு, என் மூஞ்சிய ஏன் பாக்கற?" என்பார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கணவரிடம்கூடச் சொன்னதில்லை. "சோறு கேளு, போடறேன். அதைக் கேக்காத."

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட அதிபர் தோற்ற தேர்தல் நாள். காலையிலேயே ஆளுங்கட்சியின் உள்ளூர்ப் புள்ளி கெபா, ஒரு மூதாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு திரைக்குள் நுழையப் பார்த்தான்.

"கிழவிக்குக் கண்ணு தெரியாதுக்கா. நானே போட்டு விடறேன்."

"எனக்கு நல்லாத் தெரியும்," என்று முனகினாள் மூதாட்டி.

"கேட்டுச்சா? வெளிய நில்லு," என்றார் நீமா.

"நாளைக்கு உன் கடை இருக்காது."

"அது நாளைக்கு. இப்ப வெளிய நில்லு."

கடை போய்த்தான் விட்டது. தோல்வியை ஒப்புக்கொண்ட அதிபர், ஒரு வாரத்தில் பேச்சை மாற்றிப் பதவியை விட மாட்டேன் என்றார். சாலையெங்கும் ராணுவம். பலர் மூட்டை கட்டி எல்லை தாண்டினார்கள். அந்தக் குழப்பத்தில் யாரோ நீமாவின் கடையைப் பிய்த்து எறிந்திருந்தார்கள். நாமும் எல்லை தாண்டிவிடலாம் என்று மகள் அழுதபடி கூப்பிட்டாள். "தோத்தவரு போகட்டும். நான் எதுக்குடி போகணும்?" என்று வெறுந்தரையில் சாக்கை விரித்து மீனை அடுக்கினார். கடைசியில் பக்கத்து நாட்டுப் படைகள் நெருங்கிவர, அதிபர்தான் விமானம் ஏறினார்.

ஆட்சிக்கு வந்தவர்களின் ஆட்கள் நீமாவுக்குப் புதுக் கடை போட்டுக் கொடுத்தார்கள். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அடுத்த தேர்தலில் அவர்களில் ஓர் இளைஞன், தள்ளாடும் முதியவர் ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். நேரே திரையை நோக்கி நடந்தான்.

"நம்ம பெரியவர்தான்கா. நானும் உள்ள போறேன்."

"நீ வெளிய நில்லு."

"என்னக்கா இது? உனக்குக் கடை போட்டுக் குடுத்ததே நாங்கதானே?"

"வேணும்னா பிரிச்சு எடுத்துட்டுப் போ."

முதியவரின் முழங்கையை அவன் பிடியிலிருந்து மெல்ல விடுவித்துத் திரைக்குள் அனுப்பிவைத்தார். பிறகு இளைஞனுக்கும் திரைக்கும் நடுவே, வழியை மறித்துக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.