தொண்டுப்பட்டியில் பிறந்த கன்னுக்குட்டி

நசுங்கின கொத்தமல்லியோட வாசம் அன்னிக்குப் பள்ளிக்கூடம் பூரா அடிச்சுது...

எழுபதுகள். கேரளா எல்லையில, மீனாட்சிபுரம் பக்கத்துல ஒரு சின்ன ஸ்கூல்ல எனக்கு முதல் வேலை. பசங்க தண்ணி ஊத்தி வளத்த தோட்டத்துல ஒரு செவலைப் பசு நின்னு, பாத்தி பாத்தியா மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வந்ததே கோபம்! பிரம்பை எடுத்துக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் விரட்டிட்டுத்தான் திரும்பினேன்.

நான் மூணாறு பக்கம் எஸ்டேட்ல வளர்ந்தவ. தேயிலை தெரியும், மாடு தெரியாது. ஊருக்கு வந்து நாலே நாள். அது நிறை சினைன்னும் தெரியல. நான் குடியிருந்த வீட்டு ரங்காக்காவோட மாடுன்னும் தெரியல.

சாயங்காலம் மாடு வீடு திரும்பல. மறுநாள் காலையில சேதி வந்துச்சு. எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் போய், யாரோ ஒருத்தர் கடலைக்காட்டுல இறங்கிடுச்சாம். அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து ஆளுங்க பிடிச்சுத் தொண்டுப்பட்டியில அடைச்சுட்டாங்க. அடுத்தவங்க வெள்ளாமையில மேயற மாட்டைப் பஞ்சாயத்து அடைச்சு வைக்கிற இடம் அது. சுலபமா சொன்னா, மாட்டுக்கு ஜெயில்.

விரட்டினது நான்தான்னு அக்காகிட்ட ஒத்துக்கிட்டேன். அவங்க திட்டல.

"தலையீத்துங்க டீச்சர், இதுதான் மொத கன்னு. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது. பக்கத்துல ஆளில்லாம கன்னு சிக்கிக்கிச்சுன்னா ரெண்டுமே போயிரும்."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. சோத்துத் தட்டு மட்டும் வந்துச்சு... எனக்கு இறங்கல.

அக்கா போய்க் கேட்டதுக்கு அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க், "நீங்க கேரளா. மாடு உங்களுதுன்னு உங்க பஞ்சாயத்துல எழுதி, சீல் வெச்சு வாங்கிட்டு வாங்க அம்மணி"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு.

நல்லவேளை, அதுக்கு மறுநாள் எங்க பஞ்சாயத்துக் கமிட்டி கூடுற நாள். மத்த நாள்ல எங்க பிரசிடெண்டைப் பிடிக்கணும்னா தென்னந்தோப்பு தோப்பா தேடணும். நான் லீவு போட்டுட்டு அக்கா கூடப் போனேன்.

தெரு விளக்கு ஒரு மணி நேரம். பொதுக்கிணத்துக்கு பிளீச்சிங் பவுடர் அரை மணி நேரம். நடுவுல சாயா. அக்கா வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் அவங்க முகத்தைப் பாக்காம சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

கடைசியா எங்க முறை வந்துச்சு. ஒரு மெம்பர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "வேற ஸ்டேட்டுக்கு நாம லெட்டர் குடுக்கச் சட்டத்துல இடம் இருக்குதுங்களா?"ன்னாரு.

"மாடு சட்டத்தைக் கேட்டுட்டா போச்சு?"ன்னாரு பிரசிடெண்ட். "எழுதச் சொல்லுங்க. பசு ஒண்ணு, செவலை, நெத்தியில வெள்ளை."

எங்க பஞ்சாயத்து கிளார்க் மலையாளத்துல எழுதினாரு. அந்தப் பக்கம் யாருக்கும் புரியாதேன்னு, கீழேயே நான் தமிழ்ல எழுதினேன். ரெண்டுக்கும் தனித்தனியா சீல்!

அதை வாங்கிக்கிட்டு ஓட்டமும் நடையுமா போனோம். தொண்டுப்பட்டிக் கேட் கிட்ட போனதும் அக்கா நின்னுட்டாங்க.

உள்ளே செவலை நின்னுக்கிட்டு இருந்துச்சு. அது காலடியில ஈரம் காயாம ஒரு கன்னுக்குட்டி... நாலு காலும் நாலு பக்கம் போக, எந்திரிக்கப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

என் உசிரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. ஆனா அது முழுசா வரல. அந்தப் பக்கத்து கிளார்க் எங்க கடுதாசியை ரெண்டு தடவை படிச்சாரு.

"இதுல பசு ஒண்ணுன்னுதானுங்க இருக்குது. ஒண்ணைத்தான் விட முடியும். கன்னுக்குத் தனியா எழுதி வாங்கிட்டு வந்துருங்க."

எங்க கமிட்டி இனி அடுத்த மாசம்தான்! நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என்னை விலக்கிட்டு முன்னால போனாங்க.

"ஏனுங்க, இந்தக் கன்னு யாரு காட்டுல மேஞ்சுதுங்க?"

"அது எப்படி மேயும்? இப்பக் கொஞ்சம் முன்னாலதானுங்க பொறந்துச்சு."

"புல்லையே மோந்து பாக்காத புள்ளையை என்ன குத்தத்துக்குங்க உள்ள போட்டிருக்கீங்க?"

காவக்காரர் வாயைப் பொத்திக்கிட்டுத் திரும்பிக்கிட்டாரு. கிளார்க் கொஞ்ச நேரம் பேனாவைக் கடிச்சாரு. அப்புறம் தடியான ரிஜிஸ்டரைத் திறந்து, விரலை வெச்சு ஒவ்வொரு வரியா பாத்தாரு.

"என் புஸ்தகத்துல கன்னுக்குட்டின்னு ஒண்ணு இல்லவே இல்லீங்க. இல்லாததை நான் எங்க இருந்து புடிச்சு வெக்கிறது? கேட்டைத் திறப்பா."

அக்கா கன்னைத் தோள்ல போட்டுக்கிட்டாங்க. செவலை அதை நக்கிக்கிட்டே பின்னால நடந்துச்சு. நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கடைசியா வந்தேன். எல்லை தாண்டினதும் அக்கா திரும்பாமலே சொன்னாங்க.

"டீச்சர், அந்தப் பெரம்பை மட்டும் ஊட்டுப் பக்கம் கொண்டாந்துராதீங்க."

நான் ரோட்டுலேயே சிரிச்சேன், அழுதேன்... எது முதல்லன்னு ஞாபகம் இல்ல. அன்னிக்கு ராத்திரி ரெண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்புறம் எத்தனையோ வருஷம் கணக்கு வகுப்புல இதைக் கேட்டிருக்கேன். "ஒரு மாடு உள்ளே போச்சு. ரெண்டு வெளியே வந்துச்சு. எப்படி?" பாதிப் பேர் "டீச்சர், கணக்கு தப்பு"ம்பாங்க. மாடு வெச்சிருக்கிற வீட்டுப் பிள்ளைங்க மட்டும் உடனே விடை சொல்லிடும்.

இப்ப அந்தப் பக்கத்து மாடுங்க காதுல எல்லாம் மஞ்சள் வில்லை தொங்குது. நம்பரைத் தட்டினா யார் வீட்டு மாடுன்னு போன்லயே வந்துடுதாம். நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். அன்னிக்கு அது இருந்திருந்தா ரெண்டு ராத்திரி நிம்மதியா தூங்கியிருப்பேன்.

தொண்டுப்பட்டி இருந்த இடத்துல இப்ப பஸ் ஸ்டாப். போன மாசம் அங்க உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்த காலேஜ் பொண்ணு, "என்ன ஆன்ட்டி, தனியா சிரிக்கிறீங்க?"ன்னு கேட்டா.

சொல்ல ஆரம்பிச்சேன்... அதுக்குள்ள அவ பஸ் வந்துடுச்சு.