சாதாழைத் தீவும் ஒரு கவர் லெட்டரும்

நிரோஜினி அக்கா கடலை எப்போதும் மேலேயிருந்துதான் பார்ப்பாள். குருநகரில் எங்கள் வீட்டிலிருந்து இறங்குதுறைக்கு ஒரு ஒழுங்கை தூரம்தான். யன்னலைத் திறந்தால் உப்புக்காற்று உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்துவிடும். ஆனாலும் அவள் கரைக்குப் போகமாட்டாள். மடிக்கணினியைத் திறந்து, வானத்திலிருந்து செய்மதி எடுத்த படத்தைத் திரை முழுக்க விரித்து, செட்டை அடிக்காமல் காற்றில் நிற்கிற பருந்தைப் போல அதற்கு மேலே நிற்பாள். கீழே கடல் ஓரிடத்தில் கிளிப்பச்சை, ஓரிடத்தில் பால் விட்ட தேத்தண்ணி. தண்ணீர் முடிந்து மண் தொடங்குகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு அவளுடைய மவுஸ் மெல்ல மெல்ல ஊரும். ஊர்ந்த இடமெல்லாம் மஞ்சள் கோடு ஒன்று விழும். அந்த நேரம் கூப்பிட்டால் காது கேட்காது. பின்னலைக் கதிரையில் கட்டிவிட்டாலும் தெரியாது. கட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பட்டணத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் வரைபடம் வரையப் படித்தவள் அவள். நான் லவீனா, அவளுடைய தங்கச்சி. பள்ளிக்கூடத்தோடு கோபம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள். அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை. இந்த மேசையில் இருந்தபடியே எங்கோ ஒரு நாட்டுக்காரருக்குக் கரை வரைந்து கொடுக்க வேண்டும். அதற்கு ஃபிரீலான்ஸ் என்று பெயர். முதலாளி பூமியின் மறுபக்கம், தொழிலாளி எங்கள் வீட்டு யன்னலடியில்.

அம்மா அதற்கு ஒரு தவணை வைத்துவிட்டா. எங்கள் கோயில் யாகப்பர் திருநாளுக்குக் கொழும்பிலிருந்து மாமி வருவா. மாமிக்குத் தெரிந்தவரின் மருந்துக்கடையில் காசாளர் கதிரை ஒன்று காலியாக இருக்கிறது.

"திருநாளுக்கு முதல் உன்ரை கொம்பியூட்டர் வேலை சரிவந்தால் நல்லது. இல்லாட்டி மாமி போகேக்கை நீயும் வெளிக்கிடு" என்றா அம்மா.

"அந்தக் கடையிலை யன்னல் இருக்கோ அம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"ஏசி இருக்காம். பிறகென்னத்துக்கு யன்னல்?"

அக்கா திரைப் பக்கம் திரும்பிவிட்டாள். ஆனால் அன்றைக்கு அவள் வரைந்த கரை நேராக வரவில்லை. நான் பார்த்தேன்.

வேலை தேடுகிற தளத்தில் ஒரு விளம்பரம் விழுந்தால், அதற்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் பாய்வார்கள். ஒவ்வொருவரும் ஒரு கவர் லெட்டர் அனுப்ப வேண்டும். நான் இன்னார், உங்களுக்கு இதைச் செய்து தருவேன் என்று சொல்கிற கடிதம். முதலாளி ஆளைப் பார்க்கமாட்டான், அந்தக் கடிதத்தைத்தான் பார்ப்பான். அக்கா ஆங்கிலம் வாசிப்பாள். எழுதப் போனால் வழியில் எங்கேயாவது கால் இடறும். அதனால் ஏஐயிடம் எழுதித் தரச் சொல்லலாம் என்று முடிவெடுத்தாள். அதில் தமிழிலேயே சொன்னால் போதும், அது ஆங்கிலத்தில் எழுதித் தரும்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பழக்கம் குறுக்கே வந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு விண்ணப்பம் எழுதிக் கோயில் பெட்டியில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒழுங்கையில் அரைவாசிப் பேருக்கு எழுதிக் கொடுப்பது அக்காதான், கையெழுத்து வடிவு என்பதால். இயந்திரம் பழுதான போட், வராத விசா, பாஸாகாத மகன், எல்லாத்தையும் அவள் எழுதினால் அந்தோனியாருக்கே கண் கலங்கும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் துன்பம், பிறகு கேள்வி, கடைசியில் நேர்த்தி, கேட்டது கிடைத்தால் மெழுகுதிரி கொளுத்துவேன் என்று.

ஏஐக்கும் அவள் அதே முறையில்தான் எழுதினாள். நான் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தேன். 'நாங்கள் எளிய குடும்பம். அப்பா எமில்ராஜுக்கு முழங்கால் வருத்தம், முந்தியைப் போலத் தொழிலுக்குப் போக ஏலாது. எனக்கு யன்னல் இல்லாத கடையில் இருக்க விருப்பம் இல்லை. நான் தகுதியற்றவள்தான், ஆனாலும் எப்படியாவது இந்த வேலை எனக்குக் கிடைக்கும்படி ஒரு கடிதம் எழுதித் தரவும்.' நேர்த்தி மட்டும் வைக்கவில்லை. அதுக்கு மெழுகுதிரி எங்கே கொண்டுபோய்க் கொளுத்துவது?

இயந்திரம் நல்ல பிள்ளை. சொன்னதை எல்லாம் எழுதியது. எளிய குடும்பம், முழங்கால், தகுதியின்மை, ஒன்றையும் விடாமல் அழகான ஆங்கிலத்தில் வைத்தது. அக்கா அப்படியே அனுப்பினாள். இப்படிப் பல கடிதங்கள் போயின. பதில் வந்தது ஒன்றே ஒன்று. நோர்வேயில் ஒருவர் எழுதியிருந்தார். உங்கள் தந்தையின் முழங்கால் விரைவில் சுகமடைய வாழ்த்துகிறேன், வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டோம்.

அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டினோம். சந்தோசப்பட்டார்.

"நல்ல மனுசன். இஞ்சை பக்கத்து வீட்டுக்காரனே என்ரை முழங்காலைக் கேக்கிறேல்லை" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா மறுகரைக்குப் போனாள். கெஞ்சினால் சரிவராது என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னானாம். 'என்னை உலகத்திலேயே சிறந்தவளாகக் காட்டு' என்று எழுதினாள். இயந்திரம் காட்டியது. வந்த கடிதத்தில் அக்காவுக்குப் பதினைந்து வருட அனுபவம் இருந்தது. அவளுக்கு வயது இருபத்துநாலு.

"அப்ப நீ ஒன்பது வயசிலை, முதல் நன்மை எடுத்த கையோடை வேலைக்குச் சேர்ந்திட்டாய் அக்கா. வெள்ளைச் சட்டையோடை" என்றேன்.

"விசரி, சும்மா இரு. இது பொய்யெல்லோ?"

"நீ சொல்லேல்லையே. அது தானே சொன்னது."

அக்கா உண்மையிலேயே யோசித்தாள். "அது சொன்ன பொய்யை நான் அனுப்பினால் பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியிட்டைச் சொல்லேக்கை ஆரின்ரை கணக்கு?"

"சுவாமியைக் கேட்டுப் பார். அவருக்கும் ஒரு மாற்றமாய் இருக்கும்."

அவள் அனுப்பவில்லை. யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தாள். மத்தியானம். ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை. காய வைத்த வலைகளுக்கு மேல் வெயில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தால், ஆள் ஏற்கெனவே கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து, குளிரூட்டிய அறைக்குள் மீதிச் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பது போல இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. கூட ஒரே கட்டிலில் படுக்கிற ஆள் போய்விட்டால் போர்வை முழுவதும் எனக்குத்தான், அது லாபம். ஆனாலும் பிடிக்கவில்லை.

அப்போது குசினிக்குள்ளிருந்து அம்மா சத்தம் போட்டா. "நிரோ, உவளைக் கடைக்கு அனுப்பு. மரக்கறி ஒண்டுமில்லை."

அக்கா திரும்பி, ஒரு மூச்சில் எனக்குச் சொன்னாள். "கத்தரிக்காய் வாங்கு. பால்கறிக்கு, நாலு பேருக்கு. பிஞ்சாய்ப் பார்த்து எடு. சொத்தை எண்டால் வேண்டாம். கத்தரிக்காய் இல்லையெண்டால் வெறுங்கையோடை வா, வேறை ஒண்டும் வாங்காதை. உன்ரை மூளையைப் பாவிக்காதை. சந்தேகம் எண்டால் போன் எடுத்துக் கேள்."

இவ்வளவு விளக்கம் வந்ததற்குக் காரணம் நான்தான், அதில் எனக்குப் பெருமைதான். முன்பொரு நாள் 'ஏதாவது மரக்கறி வாங்கி வா' என்று அனுப்பினார்கள். இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க வேண்டிய பூசணிக்காய் ஒன்று வாங்கி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பூசணிக்காய் ஏதாவது ஒரு மரக்கறிதானே? அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் பூசணிக்காய்தான். அதற்குப் பிறகு எனக்கு யாரும் அரைகுறையாகச் சொல்வதில்லை.

பையை எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போய்விட்டேன். பின்னால் அக்கா கூப்பிட்டாள்.

"லவீ, நில். இப்ப நான் என்ன சொன்னனான்?"

"என்ரை மூளையைப் பாவிக்க வேண்டாமாம்."

"முழுக்கச் சொல்லு."

சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே மேசைப் பக்கம் நடந்தாள். "உந்த ஏஐயும் உன்னைப் போலத்தானடி. சொன்னதைச் செய்யும். சொல்லாததுக்குப் பூசணிக்காய் கொண்டுவரும்."

"என்னை ஒரு இயந்திரத்தோடை ஒப்பிட்டது காணும். நான் கடைக்குப் போறன்."

கத்தரிக்காயோடு திரும்பி வந்தபோது அவள் எழுதிக்கொண்டிருந்தாள். ஆபிரிக்காப் பக்கம் ஒரு பரவைக்கடலின் கரையை வரைய ஆள் தேவை என்று புதிதாக ஒரு விளம்பரம் விழுந்திருந்தது. ஆழமில்லாத, அகன்ற கடல், எங்கள் பக்கத்துக் கடலைப் போல. ஆள் எடுக்கிற பெண்மணி ஒரு கேள்வியும் போட்டிருந்தா: இப்படியான கரையை வரைவதில் எது கஷ்டம்?

அக்கா இந்த முறை மன்றாடவில்லை. எனக்குச் சொல்வது போலவே இயந்திரத்துக்குச் சொன்னாள். வாசிக்கப்போவது இன்ன பெண்மணி, நிறையக் கடிதம் வாசித்துக் களைத்திருப்பா. விளம்பரம் இதோ, முழுவதும் படி. நான் படித்தது இது, வரைந்தது இது, வேறு ஒன்றும் செய்யவில்லை. அவவுடைய கேள்விக்கு முதல் வரியிலேயே பதில் வர வேண்டும். சின்னக் கடிதம். பெரிய சொற்கள் வேண்டாம், 'மிகுந்த ஆர்வத்துடன்' என்று தொடங்கவே வேண்டாம். என் குடும்பக் கதை வேண்டாம். நான் சொல்லாத எதையும் சேர்க்காதே. தெரியாவிட்டால் எழுதாதே, என்னைக் கேள்.

அது உண்மையாகவே கேட்டது. இந்தக் கேள்விக்கு உங்களுடைய சொந்த அனுபவம் ஏதாவது உண்டா என்று.

அக்காவின் கை கீபோர்ட்டில் அப்படியே நின்றது. எனக்குத் தெரியும் எதை நினைக்கிறாள் என்று. படிக்கிற காலத்தில் பயிற்சிக்கு எங்கள் கடலை வரைந்தபோது, நடுவிலே ஒரு தீவைக் கண்டுபிடித்தாள். கரும்பச்சையாக, வடிவாக, கோழிமுட்டை வடிவத்தில். அதைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு முடித்துவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்பா திரையில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது தீவில்லைப் பிள்ளை, தண்ணிக்குக் கீழை சாதாழை. நான் அதுக்கு மேலாலை எத்தினை தரம் போட் ஓட்டியிருப்பன்."

கடலடியில் அடர்ந்து வளர்கிற புல்லை, மேலேயிருந்து பார்த்து நிலம் என்று நினைத்துவிட்டாள். அந்தத் தீவை நான் அவளுக்குச் சீதனமாக எழுதி வைத்ததாகக் கொஞ்சக் காலம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

"அதை எழுதப்போறியோ?" என்றேன். "வேலை கேக்கிற இடத்திலை போய் நான் பிழைவிட்டனான் எண்டு சொல்லுவியோ?"

"அதுதானே கஷ்டம். அவ கஷ்டம் எதெண்டுதானே கேட்டவ."

எழுதினாள். இல்லாத தீவை வரைந்ததையும், பிறகு வேறு வேறு மாதத்துப் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கப் பழகியதையும், இடம் மாறாமல் நிறம் மாறினால் புல்லாக இருக்கலாம் என்று அறிந்ததையும். இயந்திரம் கடிதத்தைத் தந்தது. வாசித்துப் பார்த்தால் தீவைக் காணவில்லை. உங்கள் தவறைச் சொல்லாமல் விட்டால் கடிதம் பலமாக இருக்கும் என்று கீழே புத்திமதி வேறு.

"பார், உது தன்ரை மூளையைப் பாவிக்குது" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. 'தீவு இருக்க வேண்டும். அதுதான் முதல் வரி' என்று திருப்பி எழுதினாள். இரண்டாம் முறை வந்ததைத் தானே மெல்ல வாசித்து, தன் வாயில் வராத சொற்கள் இரண்டை எடுத்துவிட்டு, அனுப்பினாள். பிறகு பால்கறி சாப்பிட்டோம்.

நாட்கள் போயின. கோயிலைச் சுற்றிக் கொடி ஏறியது, மின்விளக்கு ஏறியது. மாமி பெரிய பெட்டியோடு வந்து இறங்கினா. வந்ததும் அக்காவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கடைக்குச் சாறி வேண்டாம், சுரிதார் காணும்" என்றா. அம்மா அலுமாரியைத் திறந்து சுரிதார்களை மடிக்கத் தொடங்கினா. அக்கா யன்னலடியில் இருந்து யாருக்காகவும் இல்லாமல் ஒரு கரையை வரைந்துகொண்டிருந்தாள். எந்த நாட்டுக் கரை என்று கேட்டேன். தெரியாது, வடிவாய் இருக்குது என்றாள்.

திருநாள் காலை நான் ஒரு சின்ன வேலை பார்த்திருந்தேன். அக்காவின் போனில் மின்னஞ்சல் வந்தால் காலையில் ஒழுங்கையால் பாண் விற்று வருகிற ஓட்டோவின் பாட்டு வரும்படி மாற்றி வைத்தேன். பூசைக்கு வெளிக்கிடுகிற நேரம் பாட்டு வந்தது.

"பாண்காரன்! ஓடு, ரெண்டு றாத்தல் வாங்கு" என்று மாமி என்னைத் துரத்தினா. அம்மா காசோடு படலைக்கு ஓடினா. ஒழுங்கையில் ஒரு காகம்தான் நின்றது. பாட்டு வீட்டுக்குள்ளிருந்து மறுபடியும் வந்தது.

"லவீனா!" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு திட்டு வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். போனை எனக்கும் தெரியும்படி சரித்தாள். அந்தப் பெண்மணி எழுதியிருந்தா. அந்த இல்லாத தீவின் படம் இன்னும் இருக்கிறதா, அனுப்ப முடியுமா?

அக்கா அனுப்பினாள், கவர் லெட்டர் ஒன்றும் இல்லாமல். பூசை முழுவதும் என் பக்கத்தில் முழந்தாளில் இருந்தாள். கண்ணை மூடி, எங்கோ ஒரு தண்ணீருக்கு மேலே நிற்பது போல. மற்றவர்கள் பாடினார்கள், நாங்கள் இரண்டு பேரும் வாயை மட்டும் அசைத்தோம். நான் யாகப்பரிடம் சத்தமில்லாமல் கேட்டுவிட்டேன், என்ன கேட்டேன் என்பது உங்களுக்குத் தேவையில்லை.

பின்னேரம் அடுத்த பதில் வந்தது. பரவைக்கடலின் ஒரு மூலையை முதலில் வரைந்து பாருங்கள், ஒரு மாதம். சரியாக வந்தால் மிச்சமும் உங்களுக்கு.

"ஒரு மாசம்தானே?" என்றா மாமி.

அம்மா மடித்த சுரிதாரைக் கையில் எடுத்தா. பிறகு அதை அலுமாரிக்குள் திருப்பி வைத்தா. "ஒரு மாசம் எண்டாலும் தவணைக்கு முதல் வந்திட்டுது, மச்சாள். நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். அந்தக் கதிரைக்கு வேறை ஆளைப் பாருங்கோ."

"என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோவன் மாமி" என்றேன். "நல்லாச் சில்லறை எண்ணுவன்."

"உன்னையோ? கடையைப் பூட்டிப்போட்டுப் போவாய்" என்றா மாமி. ஆனால் சிரித்துவிட்டா.

மாமியை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது அக்கா மேசையில் இருந்தாள். திரையில் நாங்கள் ஒருவரும் பார்க்காத கடல், மண்ணிறமும் பச்சையுமாக, கரையே எதென்று தெரியாமல் கலங்கிக் கிடந்தது. அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். வெகு நேரம் பார்த்தார்.

"அங்கை என்ன ஆழம் பிள்ளை?"

"தெரியாது அப்பா."

"அப்ப மெல்லமாப் போ" என்றார் அப்பா.