பாயிண்ட் தா

என் மேசை டிராயரில் ஒரு லக்கேஜ் டேக் கிடந்தது. பெட்டியின் கைப்பிடியில் மாட்டுகிற பழுப்புத் தோல் பட்டை. முகப்பில் வெள்ளி நிறத்தில் ஒரு விமானக் கம்பெனியின் சின்னம், பின்பக்கம் பெயரெழுதிய சீட்டைச் செருக ஓர் இடம். இருபது வருஷமாக இதை நான் எந்தப் பெட்டியிலும் மாட்டியதில்லை, தூக்கி எறியவும் இல்லை. போன வாரம் என் பழைய மேனேஜரின் மகள் போன் செய்த பிறகு வெளியே எடுத்து வைத்தேன். அவருக்கு எழுபது நிறைகிறதாம். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி மலர் போடுகிறார்களாம். "எல்லாரும் பெங்காலியிலயும் இங்கிலீஷ்லயும் எழுதறாங்க அக்கா. தமிழ்ல எழுத நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. அப்பா ரொம்ப சந்தோஷப்படுவார்" என்றாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் அப்பாவைத்தான் எனக்குப் பிடிக்காது. எழுபது வயது ஆகிவிட்டதால் ஒருவர் நல்லவராகிவிடுவார் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

கல்கத்தாவின் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் அப்போது கண்ணாடிக் கட்டிடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றின் நாலாவது மாடியில் எங்கள் கம்பெனி. நாற்பது பேர் இருந்த அந்தத் தளத்தில் தமிழ் தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். துறைமுக உத்தியோகத்தில் அப்பா கல்கத்தாவுக்கு வந்தபோது எனக்கு நாலு வயது. ஜாதவ்பூரில் வளர்ந்தேன், வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம். அப்பா ரிட்டயராகி அம்மாவோடு சென்னைக்குப் போன பிறகு, நான் வேலைக்காக இங்கேயே ஒரு வாடகை அறையில் தங்கிவிட்டேன். "சாப்டியாம்மா" என்று யாராவது தமிழில் கேட்டால் உருகிப்போகிற நிலைமை. மேனேஜர் தினமும் கேட்டார். அப்படித்தான் ஏமாந்தேன்.

அவரிடம் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. ஒரு வங்கியும் ஒரு விமானக் கம்பெனியும் சேர்ந்து கொடுத்தது. செலவு செய்தால் பாயிண்ட், அந்தக் கம்பெனியின் விமானத்திலேயே டிக்கெட் எடுத்தால் இரட்டைப் பாயிண்ட், பாயிண்ட் சேர்ந்தால் இலவசப் பயணம். இதில் என்ன தப்பு என்பீர்கள். தன் செலவோடு நிறுத்தியிருந்தால் ஒரு தப்பும் இல்லை. எங்கள் டீமில் யார் எந்த ஊருக்குப் போனாலும் டிக்கெட் அவர் கார்டில்தான் எடுக்க வேண்டும். கம்பெனி அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும், பாயிண்ட் அவரிடமே தங்கிவிடும். பூஜைக்கு ஆபீஸில் கொடுக்கிற இனிப்புப் பெட்டிகளும் அவர் கார்டுதான். பத்துப் பேராக பார்க் ஸ்ட்ரீட்டில் சாப்பிடப் போனால், எங்கள் நோட்டுகளை எல்லாம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கார்டை நீட்டுவார். அதற்குள் யாராவது பில்லை எடுத்துவிட்டால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

வங்காளிகள் மூத்த ஆண்களைப் பெயரோடு 'தா' சேர்த்துக் கூப்பிடுவார்கள், நாம் அண்ணா என்பது போல. ஆபீஸில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'பாயிண்ட் தா' என்று பெயர். அவர்களுக்கு அது பாயிண்ட் அண்ணன். என் காதில் மட்டும் தமிழாக விழுந்தது. முதல் தடவை கேட்டபோது குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. ஒரு நாள் அவர் காதிலேயே விழுந்தது. கோபப்படுவார் என்று பார்த்தால், என் பக்கம் திரும்பி, "பாத்தியாம்மா, தெரியாமலே தமிழ் பேசறானுங்க. தா, தா. நானும் அதைத்தானே கேக்கறேன்" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

என் முதல் கார்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் அவர்தான். மூன்று வங்கிகளின் விண்ணப்பங்களை மேசையில் பரப்பி வைத்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்: "வருஷச் சந்தா கம்மின்னு விழுந்துடாதே. பாயிண்ட் எத்தனை மாசத்துல செத்துப்போகுதுன்னு பாரு. இலவச டிக்கெட்டுக்கு வரியை யார் கட்டறதுன்னு பாரு. நீ போற ஊருக்கு அவன் பிளேன் விடறானான்னு பாரு." அத்தனையும் சரியான பேச்சு. இன்றுவரை நான் அப்படித்தான் பார்க்கிறேன், அதை மறைப்பானேன். ஆனால் இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் தன்னிடம் இருந்த அதே கார்டுக்கே எனக்கும் விண்ணப்பம் எழுதினார். அந்த விமானக் கம்பெனி கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு நேராக விமானமே விடவில்லை. கேட்டதற்கு "விடுவான், விடுவான்" என்றார். ஆள் சேர்த்துவிட்டால் சேர்த்தவருக்குத் தனியாகப் பாயிண்ட் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறு வருஷம் டிசம்பரில் அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று சென்னையிலிருந்து சேதி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், அதற்கப்புறம் பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பெரிய குரல். ஜாதவ்பூரில் நாங்கள் மூன்றாவது மாடியில் இருந்தோம். ஆபீஸ் விட்டு வரும்போது தெருவிலிருந்தே என்னைக் கூப்பிடுவார். நான் பால்கனியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்குவேன். அவர் காய்கறியை அதில் போட்டுவிட்டுக் கைவீசிக்கொண்டு மாடியேறி வருவார். அவர் கூப்பிடுகிற பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருக்கிற பெயர் இல்லை. அதை எழுதிக் காட்ட முடியாது. பாதி அதட்டல், பாதி கொஞ்சல், கடைசியில் ஓர் இழுப்பு. மாஷிமா என்று நாங்கள் கூப்பிடுகிற எதிர்வீட்டு வங்காளி மாமி அதைச் சொல்லிப் பார்த்து வராமல் சிரித்துவிடுவாள். அந்தக் குரலைப் பதிந்து வைத்த கேசட் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. வியாழக்கிழமை காலை ஆபரேஷன். "அவ வரட்டும். அவகிட்ட பேசிட்டு வாயை மூடிக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். புதன் சாயங்காலம் நான் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சொந்தக் காசில் டிக்கெட் எடுக்கக் கிளம்பியவளை மேனேஜர் தடுத்தார். "சென்னை கிளையன்ட் வேலை ஒண்ணு பாக்கி இருக்கு. அதையும் முடிச்சிட்டு வா. டிக்கெட் ஆபீஸ் செலவு. இந்த நேரத்துல நீ ஏம்மா கையை விட்டுச் செலவழிக்கறே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விடுகிற நேரத்தில் கவர் கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் கல்கத்தாவிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து சென்னை. "நேர் பிளேன்ல சீட் இல்லம்மா. காலைல கிளம்பினா சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா முன்னாடி நிப்பே" என்றார். தெற்கே போக வேண்டியவளை வடக்கே அனுப்புகிறவருக்கு நான் நன்றி சொன்னேன்.

டிசம்பர் மாத டெல்லி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், மாதம் ஒரு தடவை போய் வருகிறவர். பனிமூட்டத்தில் காலை விமானங்கள் எல்லாம் குழம்பி, சென்னை விமானம் நாலு மணி என்றார்கள், ஆறு என்றார்கள், பிறகு நாளை என்றார்கள். ஆஸ்பத்திரி அறைக்குப் போன் செய்தேன். ரிசீவரில் இருமல்தான் கேட்டது. அம்மா வாங்கிப் பேசினாள். "பேச வரலடி அவருக்கு, போன்ல கேக்காதுன்னு கையை ஆட்டறார். நேர்ல சொல்றாராம், நீ வா" என்றாள். மறுநாள் பத்தரை மணிக்குச் சென்னையில் இறங்கினேன். ஏழரைக்கே அவரை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் நர்ஸ் ஒரு சிலேட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா முதலில் என் பெயரை எழுதினார். ரிஜிஸ்டரில் இருக்கிற முழுப் பெயர். கூப்பிடுகிற பெயரை அவர் ஒரு நாளும் எழுதியதில்லை, எழுத்துக் கூட்டிப் பார்த்திருக்கவே மாட்டார். அதன் கீழே 'பிளேனில் சாப்பாடு போட்டானா' என்று எழுதினார். அன்றைக்கு என்னப்பா சொல்ல நினைத்தீர்கள் என்று கேட்டேன். சிலேட்டைத் துடைத்துவிட்டு 'மறந்துபோச்சு' என்று எழுதிச் சிரித்தார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். நோட்டு நோட்டாக எழுதித் தள்ளினார். என்னைக் கூப்பிடவில்லை.

கல்கத்தா திரும்பியதும் ஆபீஸில் டிக்கெட் எடுக்கிற தீதியிடம், அந்த வங்காளி அக்காவிடம், என் கதையைச் சொன்னேன். நேர் விமானத்தில் சீட் இல்லாமல் போனதைச் சொன்னதும் அவள் தலையைத் தூக்கினாள். "ஸீட் தோ சிலோ" என்றாள். சீட் இருந்ததே. அவளே ஒன்றைப் பிடித்தும் வைத்திருந்தாள். சார்தான் அதை விட்டுவிட்டுத் தன் கார்டின் விமானக் கம்பெனியில் எடுக்கச் சொன்னாராம். டிசம்பர் முடிவதற்குள் இன்னும் கொஞ்சம் பாயிண்ட் சேர்ந்தால் அவர் வெள்ளியிலிருந்து தங்க மெம்பர் ஆகிவிடுவாராம். நேரே அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, பதறவும் இல்லை. "பனி பெய்யும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? ஒரு நாள் முன்னப் பின்ன ஆயிடுச்சு. அப்பா நல்லாத்தானே இருக்கார்?" என்றார். ஆமாம் சார் என்றேன். இருபது வருஷமாக அந்த 'ஆமாம் சார்' என் வாயில் கசக்கிறது.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய் வந்தார், நாங்கள் சேர்த்துக் கொடுத்த பாயிண்டில். எல்லாருக்கும் சாக்லேட். எனக்கு மட்டும் கூடுதலாக இந்த டேக். "எனக்கு கோல்டு வந்துடுச்சும்மா. சில்வரை நீ வச்சுக்கோ. இதுல உன் பங்கும் இருக்கு" என்று கையில் வைத்து அழுத்தினார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவருக்கு அது உறைக்கவே இல்லை என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வேலையை விட எனக்கு வழியில்லை, அப்பாவின் வைத்தியம் என் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முன்னாலேயே நின்று அந்தச் சாக்லேட்டைத் தின்றேன்.

ஆகவே, மகளே, நீ கேட்ட பக்கம் இதுதான். மலரில் போடுவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். அப்பாவிடம் படிக்கக் கொடு. கூடவே இந்த டேக்கையும் கவரில் வைத்திருக்கிறேன். அவருடைய பெயர்ச் சீட்டு இன்னும் அதில் இருந்தது. அதை உருவிவிட்டு, வேறொரு சீட்டில் ஒரே ஓர் எழுத்தை எழுதிச் செருகியிருக்கிறேன்: தா. உங்கள் வீட்டுக்கு வருகிற வங்காளிகள் யாருக்காவது நீ அதைப் படித்துக் காட்டினால் அண்ணா என்று கூப்பிட்டிருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். உன் அப்பாவுக்குத் தமிழ் தெரியும்.