ஷான்டெல் என்றால் கல்

செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்கில் குழந்தைகளின் எடை பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் ஷான்டெலின் தங்கை. "அக்கா போயிட்டா, மிஸ்." தராசில் கிடந்த பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

மேரி ஷான்டெலும் நானும் நானாட்டானில் பதினெட்டு ஆண்டுகள் குடும்பநல மருத்துவ மாதுகளாக வேலை செய்தோம். அவர் தாழ்வுபாட்டுக் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. பெயரைப் பாரிஸிலிருந்த மாமி கடிதத்தில் அனுப்பினாராம்: புதுப் பெயர், பிரெஞ்சில் பாட்டு என்று கருத்து. ஞானஸ்நானம் கொடுத்த சுவாமி, அப்படியொரு புனிதரைத் தெரியாது என்று முன்னால் மேரியைச் சேர்த்துவிட்டார்.

வயல் கிராமங்களில் அவர் 'சந்தலா மிஸ்'. திருத்தமாட்டார். "கூப்பிட்டால் நான் திரும்பிப் பாக்கிறன்தானே, அது காணும்" என்பார். பாடவும் செய்தார். கோயில் பாடகர் குழுவில் முதற்குரல் அவருடையது. ஊசி போட்டு அழும் பிள்ளைக்கும் பாடுவார்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் தொண்டைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை. உயிர் தப்பியது, பாட்டுக் குரல் போய்விட்டது; கரகரத்த பேச்சு மட்டும் மிஞ்சியது. வேலைக்குத் திரும்பிய அன்று, "இனி என்னை மேரி எண்டு கூப்பிடும். மற்றப் பேர் எனக்குப் பொருந்தாது" என்றார். பாடகர் குழுவையும் விட்டார். நானும் மேரி என்றே கூப்பிட்டேன்.

பிரான்சில் நெடுங்காலம் இருந்த ஒரு கன்னியாஸ்திரி பிறகொருநாள் கிளினிக்குக்கு வந்தார். ஷான்டெலின் பெயர் அட்டையைப் பார்த்து, "இது ஒரு புனிதையின்ர குடும்பப் பேரில இருந்து வந்தது. முதல்ல ஒரு இடத்தின்ர பேர். கல்லு எண்டு அர்த்தம்" என்றார்.

"பாட்டு இல்லையோ?" என்று ஷான்டெல் கேட்டார்.

"கன பேர் அப்பிடித்தான் நினைக்கினம். பாட்டுக்கான சொல்லும் கிட்டத்தட்ட இப்பிடித்தான் கேக்கும். ஆனால் இது கல்லு."

ஷான்டெல் தன் பெயர் அட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கரகரத்துச் சிரித்தார். "பேதுரு எண்டாலும் கல்லுத்தானே, சிஸ்டர். அப்ப என்ர பேர் எனக்கே இருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் நின்றார். சத்தமில்லை. கையால் தாளம் பிடித்தார். நோய் திரும்பிவரும் வரைக்கும் ஒரு பூசையையும் விடவில்லை. பிள்ளைக்குப் பேர் கேட்கும் தாய்மாருக்கு, "கருத்தை ரெண்டு பேரிட்டக் கேட்டிட்டு வையுங்கோ" என்று சொல்லத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

அடக்கத்துக்கு வயல் கிராமங்களிலிருந்து சைவப் பெண்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். சேமக்காலை என்ற கல்லறைத் தோட்டத்தின் வாசலில் தயங்கி நின்றார்கள். "எங்கட பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை, மிஸ். இதுக்குள்ள வரலாமோ?" என்று ஒருவர் கேட்டார்.

"வாங்கோ" என்றேன்.

செருப்புகளை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள். கடற்காற்றில் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி, ஒவ்வொருவரும் குனிந்து ஒரு பிடி மணல் போட்டார்கள்.

போய் வாருங்கள், ஷான்டெல். உங்கள் தாய்மாரை நான் பார்த்துக்கொள்கிறேன்.