சுண்டாத கயிறு

இஞ்ஞாசி பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து தூத்துக்குடிக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. அது எழுபத்து மூன்றாம் வருஷம். வலைத் தகராறில் துடுப்பால் ஒருவனை அடித்து, அவன் செத்துப்போய், பதினாலு வருஷம் உள்ளே கிடந்தவன். வெளியே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊர் நினைத்தது. ஊருக்கென்ன, நினைத்துவிட்டுத் தன் சோலியைப் பார்க்கப் போய்விடும். வீட்டுக் கதவு திறந்தேதான் கிடக்கும், இவன் அதன் முன்னால் நின்றுகொண்டு, "வெளிய போகட்டா?" என்று பெண்டாட்டி மெட்டில்டாவைக் கேட்பான். "போங்களேன், யாரு உங்களப் பிடிச்சு வச்சிருக்கா" என்று சொல்லிச் சொல்லி அவளும் அலுத்துப் போனாள். சாயங்காலம் ஜெயிலில் சோறு போடுகிற ஐந்தரை மணி ஆனதும் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் குந்திவிடுவான். சோறு ஆகியிருக்காது.

கரையில் வேலை கேட்ட இடத்திலெல்லாம் கொலைக் கேஸ் என்று தெரிந்ததும் கையை விரித்தார்கள். மிஞ்சியது கடல் ஒன்றுதான். அதுவும் போனால், மெட்டில்டா கருவாடு காயப்போட்டுச் சம்பாதிக்கிற சோற்றைத் தின்றுகொண்டு சாகிறவரை சுவரைப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

மெட்டில்டாவின் தம்பி கிளாட்வின் அவனைச் சங்கு குளிக்கிற தோணிக்குக் கூட்டிப்போனான். முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் பிடிப்பது அந்தக் கரையின் பழைய வழக்கம். அக்கா தாலியறுப்பதைப் பார்க்க எந்தத் தம்பி துணிவான்? கீழே மூச்சு முட்டினால் முங்கினவன் கயிற்றைச் சுண்டுவான், மேலே இருக்கிறவன் இழுப்பான். அவ்வளவுதான் வேலை. வாலிபத்தில் இஞ்ஞாசி ஆயிரம் தடவை சுண்டியிருப்பான்.

அன்றைக்கு முங்கினான். எட்டுப் பாகம், எட்டு ஆள் ஆழம். இரண்டு சங்கு கைக்குக் கிடைத்தது. நெஞ்சு முட்டியது. சுண்டவில்லை. மேலேயிருந்து கூப்பிடட்டும் என்று மணலில் நின்றுகொண்டிருந்தான், மடையன். மேலே கிளாட்வினோ கயிறு அசையட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் மிஞ்சவும் பயந்துபோய் அவனாகவே இழுத்துப் போட்டான். வந்து விழுந்தவனுக்கு மூக்கில் ரத்தம்.

"ஏன் மச்சான் சுண்டல?"

"நீ இழுப்பேன்னு நின்னேன்."

தோணிக்காரர் பவுலுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏலே கிளாட்வின், இனிமே இவர ஏத்தாத. பிரேதத்தத் தூக்கிட்டுக் கரைக்குப் போக என்னால ஏலாது."

இஞ்ஞாசி மூக்கு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். இதுவும் போச்சு என்று இருந்தது. ஜெயிலே தேவலை என்று நினைத்தான். நினைத்த உடனே அவமானமாக இருந்தது.

மறுநாள் விடியற்காலை கிளாட்வின் வந்து கூப்பிட்டான். பவுல் முறைத்தார், ஆனால் இறக்கிவிடவில்லை. தோணி நின்றதும் கிளாட்வின் தன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இஞ்ஞாசியின் கையில் கொடுத்தான்.

"இன்னைக்கு நான் முங்குதேன் மச்சான். நீங்க பிடிங்க."

"ஆளக் கொன்ன கையில உசிரக் குடுக்கியே, கிறுக்காலே பிடிச்சிருக்கு?" என்றார் பவுல்.

"எங்கக்கா இந்தக் கைக்குத்தான் அண்ணாச்சி பதினாலு வருஷம் காத்துக் கெடந்தா" என்று சொல்லிவிட்டு அவன் முங்கினான்.

இஞ்ஞாசி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். கயிறு வேர்வையில் வழுக்கியது. சற்று நேரத்தில் சுண்டியது.

"அண்ணாச்சி, இழுக்கட்டா?"

பவுல் பதறி எழுந்து வாயைத் திறக்குமுன் கயிறு மறுபடி சுண்டியது, இன்னும் பலமாக. இஞ்ஞாசி இழுத்தான். உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுத்தான்.

கிளாட்வின் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "ஏன் மச்சான் இம்புட்டு நேரம்?"

"பவுல் அண்ணாச்சி ஒண்ணும் சொல்லல."

"நான்தான் சொன்னேன்லா. ரெண்டு வாட்டி."

இஞ்ஞாசி கயிற்றை விடாமல் அப்படியே உட்கார்ந்து அழுதான். பவுல் அவனை இறக்கிவிடத் தோணியைக் கரைக்குத் திருப்பச் சொல்லவில்லை.