ஒன்பதாம் மாதமும் ஒரு வாட்டர் பம்பும்

மாவட்டச் செய்தியாளனுக்குப் பேனா இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிக்கொள்ளலாம்; வண்டி இல்லையென்றால் தன் ஊர்ச் செய்தியை மறுநாள் காலை மற்றவர்களின் பத்திரிகையில்தான் படிக்க வேண்டும். செங்கல்பட்டில் குடியிருந்துகொண்டு மாமல்லபுரம் கடற்கரை வரை செய்தி சேகரிக்கும் எனக்கு, பதினேழு வயதான ஒரு சின்னக் கார்தான் அலுவலகம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள், சிக்னலில் நிற்கும்போது சாலையைப் பார்க்காமல் சூடு காட்டும் முள்ளைப் பார்ப்பவர்கள், இவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வண்டிக்கும் வயதாகும்.

ஏசி தண்ணீர்

ஒரு திங்கட்கிழமை காலை, வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. மதுராந்தகத்தில் வேலை பார்க்கும் என் மனைவி சுமதி, ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்திலும் அதைக் கவனித்துவிட்டாள். ஏசி தண்ணீர்தான், எல்லா வண்டியிலும் சொட்டும் என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தேன்.

அவள் குனிந்து விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். பச்சையாக இருந்தது. முகர்ந்தாள், இனிப்பு வாடை அடித்தது. சில வண்டிகளில் ஏசி தண்ணீர் அப்படியும் வரும் என்றேன், ஆதாரம் இல்லாமல் மறுப்பு அறிக்கை விடும் அதிகாரியைப் போல. அவள் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: “ஏங்க, நம்ம வண்டியில ஏசி வேலை செஞ்சே ரெண்டு வருஷம் ஆகுது.”

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாக்கு

அன்றே கடற்கரைக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் புகைப்படக்காரர் ஏழுமலைக்கு மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். காதல் கல்யாணம் செய்தவர். மனைவி தேவிக்கு வேடந்தாங்கல் பக்கம், விவசாயக் குடும்பம். கல்யாணமாகி மூன்று வருடமாகப் பெண் வீட்டார் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தேவிக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அவள் அம்மா இறங்கி வந்துவிட்டார். வரும் ஞாயிறு வளைகாப்பு. மதியச் சாப்பாடு முடிந்ததும் மகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். நாலரை மணிக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் பெண் வாசற்படி ஏறியாக வேண்டும் என்பது அவர் உத்தரவு.

வாடகைக் காரில் தொங்கும் வாசனை டப்பா தேவிக்குக் குமட்டுகிறதாம். என் வண்டியில் எந்த வாசனையும் கிடையாது என்பதால், அதில் அழைத்துப் போக முடியுமா என்று ஏழுமலை என்னைக் கேட்டார். சரி என்றேன். அதற்கப்புறம்தான் அவர் குரலைத் தாழ்த்தினார்: “வழியில வண்டி நின்னுச்சுன்னா எங்க மாமியார் வண்டிய ஒண்ணும் சொல்ல மாட்டாங்கண்ணா. என்னத்தான் சொல்வாங்க.”

படகுக்காரர் வைத்தியம்

குப்பத்தில் நான் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், ஏழுமலை வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். முதுகெல்லாம் மணல், முகமெல்லாம் சிரிப்பு. எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓடவிடும் வாட்டர் பம்பின் அடியில் மிளகு அளவுக்கு ஒரு துவாரம் இருக்கிறது, அங்கிருந்துதான் சொட்டுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். அவருடைய அண்ணன் பைபர் படகு பழுது பார்ப்பவர். அந்த வீட்டில் தண்ணீர் வரும் ஓட்டையைக் கண்டால் யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. ரெசின் பசையில் பைபர் துணியை நனைத்து, ஏழுமலை துவாரத்தை ஒரேயடியாக அடைத்துவிட்டார்.

பத்து நிமிடம் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. நான் பாராட்டி டீ வாங்கிக் கொடுத்ததையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். டீயை உறிஞ்சிக்கொண்டே அவர் சொன்னார்: “கடல்ல போற போட்டுக்கே தாங்குது, ரோட்ல போற காருக்குத் தாங்காதா இன்னா?”

பாபுவின் தீர்ப்பு

இரண்டு நாள் தாங்கியது. வியாழக்கிழமை திருக்கழுக்குன்றம் தாண்டும்போது வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் கிளம்பியது. முள் சிவப்புக் கோட்டை நோக்கிப் போனது. ஓரம் கட்டி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி ஓட்டி, இப்படியாக மெக்கானிக் பாபு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தேன். அவர் பெல்ட்டைத் தளர்த்தி, பம்பின் சக்கரத்தைப் பிடித்து அசைத்தார். ஆடும் பல்லைப் போல ஆடியது.

பிறகு அடியில் டார்ச் அடித்து, ரெசின் பூச்சை வெகுநேரம் பார்த்தார். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால், தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடியட்டும் என்றுதான் அந்தத் துவாரத்தை வைத்திருக்கிறார்களாம். நாங்கள் அடைத்ததால் தண்ணீர் உள்ளேயே போய் பேரிங்கைத் தின்றுவிட்டது. பம்பை மாற்றியே ஆகவேண்டும். ஆனால் அவர் மறுநாள் காலையே ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிறார், திரும்ப செவ்வாய்க்கிழமை ஆகும். ஆறு போல்ட்டுதான், நீங்களே மாற்றுங்கள், போனில் சொல்கிறேன் என்றார். நான் கிளம்பும்போது, இருபது வருடம் பத்திரிகையில் இருப்பவனிடம் சொல்லக்கூடாததைச் சொன்னார்: “அது ஓட்டை இல்ல சார், வாய். பம்பு கெட்டுப்போச்சுன்னு சொல்லிகினு இருந்துச்சு. நீங்க அத்த அடைச்சிட்டீங்க.”

எந்தப் பம்பு

உதிரி பாகக் கடையில் வண்டியின் வயதைச் சொன்னதும் கடைக்காரர் எழுந்து நின்றார். மரியாதையால் அல்ல, அந்தப் பம்பு பரண் மேல் இருந்தது. இரண்டு டப்பாக்களை இறக்கித் தூசி தட்டி வைத்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. எது நல்லது என்று கேட்டேன். அவர் என் சட்டைப் பையில் இருந்த பத்திரிகையாளர் அட்டையைப் பார்த்தபடி கேட்டார்: “சொந்த வண்டியா, ஆபீஸ் வண்டியா? சொந்த வண்டின்னா இத எடுங்க. ஆபீஸ் வண்டின்னா அத.”

புகைப்பட ஆதாரம்

சனிக்கிழமை காலை எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதே வீட்டு வாசலில் வேலையைத் தொடங்கினோம். சுமதியின் துணி அலசும் பேசினை அடியில் வைத்து, கீழ்க்குழாயைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரைப் பிடித்தோம்.  நாளைக்கு வண்டி போகுமா என்று ஏழுமலை இரண்டு முறை கேட்டார். போகும் என்று இரண்டு முறையும் சொன்னேன், இரண்டாவது முறை கொஞ்சம் மெதுவாக.

போல்ட்டுகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. மாற்றிப் போட்டால் ஆபத்து என்று பாபு எச்சரித்திருந்தார். அதனால் ஒவ்வொன்றையும் கழற்றும் முன்பும் பின்பும் ஏழுமலை கேமராவில் படம் எடுத்தார். கழற்றியதை ஒரு அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தோம். பம்பைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டி வெளியே எடுத்தபோது உள்ளே இருந்த இறக்கைகள் துருவேறிப் பாதியாகிக் கிடந்தன. கடற்கரையில் அகப்பட்ட குழாயிலெல்லாம் உப்புத் தண்ணீர் பிடித்து நான் ஊற்றியதன் பலன். குற்றத்தில் எனக்கும் பங்கு இருந்ததில் ஏழுமலையின் முகம் சற்றுத் தெளிந்தது.

கசியாமலிருக்க பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தைச் சுரண்டும் வேலையை அவரிடம் விட்டேன். படகின் பழைய பூச்சைச் சுரண்டிப் பழகிய கை, அரைமணி நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டது. கேஸ்கெட்டோடு துளி ரெசினும் வைத்தால் என்ன என்று கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். புதுப் பம்பை வைத்து, படங்களைப் பார்த்துப் பார்த்து போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கினோம். கடைசியில் கேமராவைப் புரட்டிப் பார்த்த ஏழுமலை சொன்னார்: “எங்க கல்யாணத்துக்குக்கூட இத்தினி போட்டோ எடுக்கலண்ணா.”

மே மாதத்து ஹீட்டர்

எஞ்சினைக் குளிரவைக்கும் பச்சைக் கூலன்ட்டை ஊற்றி ஓடவிட்டதும் முள் விறுவிறுவென்று ஏறியது. ஏழுமலை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பாபுவுக்குப் போன் செய்தேன். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்தினார். உள்ளே காற்று அடைத்திருக்கிறது, வண்டியை அணைத்து நன்றாக ஆறவையுங்கள், பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினைப் போடுங்கள், ஹீட்டரை முழுசாக வையுங்கள், குமிழி அடங்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

ஆறியதும் நான் முன்பக்கம் நின்று ஊற்ற, முள்ளைப் பார்த்துச் சொல்ல சுமதி உள்ளே உட்கார்ந்தாள். வெளியே மே மாத வெயில், உள்ளே ஹீட்டர். குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து, பிறகு நின்றன. முள் பாதியில் நின்று, அங்கேயே இருந்தது. சத்தம் இல்லை, சொட்டு இல்லை. சுமதி முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி இறங்கினாள். முள் நின்ற செய்தியைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்: “கல்யாணமான இத்தனை வருஷத்துல நீங்க எனக்குன்னு ஒரு ஏசி போட்டதில்ல. இன்னைக்கு ஹீட்டர் போட்டிருக்கீங்க.”

நான்கு நிறுத்தங்கள்

ஞாயிறு மதியம் ஒன்றரைக்குக் குப்பத்திலிருந்து கிளம்பினோம். பின்சீட்டில் கை நிறைய வளையல்களோடு தேவி, பக்கத்தில் அவள் அம்மா. மாப்பிள்ளையைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ அவர் அன்றுவரை கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் காற்றைப் பார்த்துச் சொல்வார். முன்சீட்டில் ஏழுமலை என்னைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கு என் கைவேலையில் நம்பிக்கை இல்லை. திருக்கழுக்குன்றத்தில் ஒரு மரநிழலில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, பம்பின் அடியில் விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. செங்கல்பட்டில் ஒரு முறை, பாலாறு தாண்டி ஒரு முறை, படாளத்தில் ஒரு முறை. ஏன் நிற்கிறோம் என்று பின்னாலிருந்து யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஏழுமலை கதவைத் திறந்துவிட, தேவி இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்துவிட்டு ஏறினாள். முள் கடைசிவரை பாதியைத் தாண்டவில்லை.

நாலு மணிக்கு வேடந்தாங்கல் பக்கத்து வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள், பிரயாணம் எப்படி என்று விசாரித்தார்கள். தேவியின் அம்மா அவர்களைப் பார்த்து, எங்கள் காதில் விழும்படியே சொன்னார்: “எங்க மாப்ள எவ்ளோ பக்குவமா இட்டுகினு வந்தாரு தெரியுமா. புள்ளத்தாச்சிக்கு இடுப்பு வலிக்கும்னு, நாங்க கேக்காமலே நாலு எடத்துல நிறுத்தி, எறக்கி நடக்க வச்சி இட்டாந்தாரு.”

இருபது வருடத்தில் நான் அனுப்பிய எத்தனையோ உண்மைகளை ஆசிரியர்கள் வெட்டியிருக்கிறார்கள். நானாகவே வெட்டியது, அந்த நான்கு நிறுத்தங்களும் வாட்டர் பம்புக்காகத்தான் என்ற இந்த ஒன்றைத்தான்.