மணமகளின் கைவண்ணம்

கண் மருத்துவமனையில் அவளுக்குச் ‘சொட்டு அக்கா’ என்று பெயர். டாக்டர் பார்ப்பதற்கு முன் நோயாளிகளின் கண்ணில் கண்மணியை விரிய வைக்கும் மருந்தைச் சொட்டாக விட்டு, கண்ணை மூடியபடி வரிசையாக உட்கார வைப்பது அவள் வேலை. “மேல பாருங்க, அவ்வளவுதான்” என்று சொல்லி முடிப்பதற்குள் சொட்டு விழுந்திருக்கும். எரியுது என்று கத்தத் தயாராக வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். கை அப்படி.

அந்தக் கைதான் வீட்டில் பூ வரைந்தது.

அது தொடங்கியது ஒன்பது வருடத்துக்கு முன்னால். மாடிப்படியில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்து ஐம்பது நாள் கட்டிலில் கிடந்தபோது, மூன்றாவது மாடியில் இருந்த மேல்வீட்டுக்காரி தன் மகளின் பழைய வண்ணப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். “சும்மா விட்டத்தையே பார்த்துக்கிட்டு இருக்காதே அக்கா. எதையாவது தடவிக்கிட்டு இரு” என்றாள். முதல் ரோஜாவைப் பார்த்துவிட்டு, “முட்டைக்கோஸ் நல்லா வந்திருக்கு” என்றார் கணவர். நாலாவது வாரம் அவரே, தன்னோடு வேலை பார்க்கிறவரின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை கேட்டு வாங்கிப் போனார்.

கால் சரியானது. பழக்கம் விடவில்லை. ரப்பர் துண்டில் பிளேடால் பூவின் கோட்டைச் செதுக்கி, அவளே முத்திரை செய்துகொள்வாள். தண்ணீர் பட்டால் கலையாத மையில் அதைத் தொட்டுக் கெட்டித் தாளில் ஒற்றுவாள். ஒரு பூவுக்குப் பின்னால் இன்னொரு பூ மறைந்து நிற்க வேண்டுமானால், முதல் பூவின் மேல் அதே அளவில் வெட்டிய மெல்லிய தாளை வைத்துவிட்டு அடுத்ததை ஒற்ற வேண்டும். மை காய்ந்த பிறகுதான் வண்ணம். இதழுக்குள் முதலில் வெறும் தண்ணீரைத் தடவி, அது மினுங்கிக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் நிறத்தைத் தொட்டு வைப்பாள். மீதியை நிறமே பார்த்துக்கொள்ளும். அவசரப்பட்டு இரண்டாம் முறை தூரிகை வைத்தால் சேறாகிவிடும். எத்தனையோ தடவை தூரிகையைத் தேநீரில் கழுவிவிட்டு, வண்ணத் தண்ணீரைக் குடிக்கப் போயிருக்கிறாள்.

மேல்வீட்டுக்காரிக்கும் அவளுக்கும் இருபத்திரண்டு வருடப் பழக்கம். இவள் வீட்டுச் சாவி அங்கே, அந்த வீட்டுச் சாவி இங்கே. இவளுக்குப் பிள்ளை இல்லை. மேல்வீட்டுக்காரியின் மகள் பாதி நாள் இங்கேதான் வளர்ந்தாள். இவளைப் பெரியம்மா என்றாள். மேல்வீட்டுக்காரியின் கணவர் நடத்தும் கூரியர் கம்பெனியில்தான் இவள் கணவர் வேன் ஓட்டினார். நகமும் சதையும் என்று கட்டடத்தில் எல்லாரும் சொல்வார்கள். யாரும் மிகைப்படுத்திச் சொன்னதில்லை அது.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மேல்வீட்டுக்காரி இறங்கி வந்தாள்.

“அக்கா, உன்னால மட்டும்தான் முடியும். அழைப்புக்கு நூத்தி நாப்பது அட்டை வேணும். பூ போட்டது.”

“நூத்தி நாப்பதா? நான் என்ன மெஷினா?”

“மெஷின்ல அடிச்சா என்ன இருக்கு? மாப்பிள்ளையோட அம்மா லைப்ரரில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவங்க. கையால செஞ்சதுன்னா அவங்களுக்கு உசிரு. உனக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லு, குடுத்துடறேன்.”

“பணம் கிணம்னு பேசினே, இந்தத் தடவை உன் காலை உடைப்பேன். என் பொண்ணுக்கு நான் போடறேன். நீ யாருடி நடுவுல?”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆறு வாரம் ஆயிற்று. சேர்த்து வைத்திருந்த பத்து நாள் விடுப்பையும் எடுத்தாள். சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைகள் காய்ந்தன; கணவனும் மனைவியும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். ஐந்து இதழ் நீலப் பூ மூன்று, மொட்டு இரண்டு. அந்தப் பெண்ணுக்குப் பிடித்த நீலம் கடையில் கிடைக்காது. ஊதாவில் துளி பச்சை விட்டுக் கலக்க வேண்டும். ஒரே முத்திரைதான் என்றாலும் தண்ணீர் ஒரே மாதிரி ஓடுவதில்லை. நூற்று நாற்பதும் நூற்று நாற்பது விதம். உள்பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லியிருந்தாள் மேல்வீட்டுக்காரி. விவரத்தை அச்சடித்து ஒட்டிக்கொள்வதாகச் சொன்னாள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மறுபடி இறங்கி வந்தாள். உட்காரவில்லை.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லுடி.”

“மாப்பிள்ளை வீட்டுல எல்லாத்தையும் சுருக்கிட்டாங்க. கோயில்ல தாலி கட்டறதோட சரி, மொத்தம் பத்துப் பேர். என் கூடப்பிறந்த தங்கச்சியையே கூப்பிட முடியலை.”

“அப்ப அட்டை?”

“அது… வெளியூர்ல இருக்கறவங்களுக்குத் தகவல் சொல்ல.”

சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. அதைப் பார்த்து இவள்தான் தேற்றினாள். “பொண்ணு நல்லா இருந்தா போதும். நான் என்ன வெளியாளா, வந்து உக்காந்தாத்தான் வாழ்த்தா?” என்றாள். கல்யாண நாளான அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் விடியலிலேயே தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வெளியூர் டிரிப் என்று கிளம்பினார். அவள் வீட்டில் தனியாக உட்கார்ந்து, மணமக்களுக்கென்று ஓர் அட்டை வரைந்தாள். நாள் முழுக்க மனசு ஒரு மாதிரி இருந்தது. பெண்ணைப் பெற்றவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா சொட்டு விட்டுக்கொள்ள வந்தார்கள். மருந்து வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த அம்மாவுக்குச் சும்மா இருக்க வராது போல. கைப்பையைத் துழாவி ஓர் அட்டையை எடுத்தார்கள்.

“படிக்கறதுக்கு நடுவுல அடையாளமா இதைத்தான் வைப்பேன். இப்ப எல்லாம் மங்கலா இருக்கு, பூகூடத் தெரியலை. நீங்க பாருங்க, எவ்வளவு அழகுன்னு.”

அவள் வாங்கிப் பார்த்தாள். நீலப் பூ மூன்று. மொட்டு இரண்டு இல்லை, மூன்று. தூரிகையிலிருந்து சொட்டிய தண்ணீரை மறைக்க அவளே கீழ்நோக்கித் தொங்கவிட்ட மூன்றாவது மொட்டு. நூற்று நாற்பதில் ஒன்றில்தான் அது உண்டு.

“எங்க கிடைச்சுது உங்களுக்கு?”

“கிடைச்சுதா! என் மருமக கையால வரைஞ்சது. பொண்ணு பார்க்கப் போனப்ப அவங்க சுவத்துல இதே மாதிரி ஒண்ணு மாட்டியிருந்துது. யார் வரைஞ்சதுன்னு கேட்டேன், எங்க பொண்ணுதான்னு அவங்கம்மா சொன்னாங்க. அந்த நிமிஷமே எனக்கு மனசுல முடிவாயிடுச்சு. கல்யாணத்துல, குடுத்தது போக மீந்ததையெல்லாம் கயித்துல கோத்து வாசல்ல தொங்கவிட்டோம். நானூறு பேர் வந்தாங்க, அத்தனை பேரும் நின்னு பார்த்துட்டுத்தான் உள்ள போனாங்க.”

“நானூறு பேரா?”

“குறைஞ்சது. உள்ள கடைசி வரி இருக்கு பாருங்க, அதைக் கொஞ்சம் படிங்களேன். எனக்குப் பிடிச்ச வரி.”

அவள் விரித்தாள். ஒரு மண்டபத்தின் பெயர். அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி. குரலைச் சரிசெய்துகொண்டு படித்தாள்.

“இந்த அட்டையின் மலர்கள் மணமகளின் கைவண்ணம்.”

“ஆங், அதுதான்” என்றார்கள் அந்த அம்மா, மூடிய கண்ணோடு சிரித்தபடி.

அவள் அட்டையை மடித்து அந்த அம்மாவின் கையிலேயே வைத்தாள். அடுத்த நோயாளிக்குச் சொட்டு விடப் போனவள், முதல் முறையாகக் குறி தவறிக் கன்னத்தில் விட்டாள்.

சாயங்காலம் கணவர் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

“அன்னிக்கு டிரிப் எங்க போனீங்க?”

“என்னிக்கு?”

“தேய்ச்ச சட்டை போட்டுக்கிட்டுப் போனீங்களே, அன்னிக்கு.”

ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக அவர் நின்றார். அதுவே பதில்தான். இருந்தாலும் அவள் விடவில்லை, அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

“மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களை மண்டபத்துக்குக் கொண்டுவந்து விடணும்னு முதலாளி சொன்னாரு. உன்கிட்ட சொல்ல வேணாம், அது பொம்பளைங்க விஷயம், அவங்களே பேசிப்பாங்கன்னாரு. நான் என்ன பண்ண முடியும்? அவரு வேலை குடுத்தவரு.”

“அட்டையை நான் போடறப்பவே தெரியுமா?”

“…பாதில தெரியும்.”

“பாதின்னா? எழுபதாவது அட்டையிலயா?”

அவர் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். மடியில் தட்டை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, “இந்த நீலம் நல்லா இருக்கு” என்று அவர் சொன்னது எந்த வாரம் என்று அவள் மனசு கணக்குப் போட்டுப் பார்த்தது. போட்டபின் அழுகை வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது.

“சாப்பிட்டீங்களா அங்க?”

“ம்.”

“நல்லா இருந்துச்சா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மூன்று மாடி ஏறினாள். முறிந்து சேர்ந்த கால். எப்போதும் நின்று நின்றுதான் ஏறுவாள். அன்றைக்கு நிற்கவில்லை.

மேல்வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“சம்பந்தியம்மா இன்னிக்கு எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க.”

“நீ சொல்லிட்டியா அவங்ககிட்ட?”

“அதுதான் உன் முதல் கேள்வியா?”

“அக்கா, உள்ள வா. படியில நின்னு பேசாதே.”

“இங்கயே சொல்லு.”

“வாய் தவறி ஒரு வார்த்தை வந்துடுச்சுக்கா. அவங்க அப்படி ஆசையாக் கேட்டதும் எங்க பொண்ணுதான்னுட்டேன். அப்புறம் எப்படி மாத்தறது? நீ மண்டபத்துல வந்து நின்னா, யாராவது ஒருத்தர் ‘இவங்கதானே எப்பவும் வரைவாங்க’ன்னு சொல்லியிருப்பாங்க. கட்டடத்துல யாரையுமே கூப்பிடலை, உன்னை மட்டும் இல்லை.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே. ‘அக்கா, என் மானம் போயிடும், பொண்ணு வரைஞ்சதுன்னு சொல்லிக்கட்டுமா’ன்னு ஒரு வார்த்தை. நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேனா? வாயை மூடிக்கிட்டு கடைசி வரிசையில உக்காந்து பார்த்திருப்பேனேடி.”

மேல்வீட்டுக்காரிக்குக் கண் கலங்கியது. ஆனால் கண் கலங்குகிறவர்கள் எல்லாரும் வருத்தப்படுகிறவர்கள் இல்லை, மாட்டிக்கொண்டவர்களுக்கும் கலங்கும். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மாறியது.

“அப்படி என்ன நஷ்டமாயிடுச்சு உனக்கு? நாலு பூ. அந்த கலர் பெட்டி யார் கொண்டுவந்து குடுத்தது? நான் குடுக்கலைன்னா நீ தூரிகையைத் தொட்டிருப்பியா?”

“தொட்டிருக்க மாட்டேன்” என்றாள் அவள். உண்மை அதுதானே. “பொண்ணு என்ன சொன்னா?”

“அழுதா. நான்தான் அடக்கி வச்சேன்.”

கல்யாணத்துக்கு முந்திய இரண்டு வாரமும் அந்தப் பெண் ஏன் கீழே எட்டிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. வேலையாக இருப்பாள் என்று இவள் நினைத்திருந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, செருப்பு வைக்கும் பலகையின் மேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

அந்த அம்மா ஒன்றரை மாதம் கழித்துப் புதுக் கண்ணாடியோடு மறுபரிசோதனைக்கு வந்தார்கள். வரிசையில் உட்காராமல் நேராக அவளிடம் வந்தார்கள்.

“நீங்கதான்னு எனக்கு இப்பத் தெரியும். இன்னொண்ணு வரைஞ்சு காட்டும்மான்னு மருமககிட்ட கேட்டேன், எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டா. அன்னிக்கு உங்களையே அந்த வரியைப் படிக்க வச்சேனே, அதை நினைச்சாக் கூசுது.”

அவளுக்கு நெஞ்சு லேசானது. இவ்வளவு நாளில் ஒருவராவது வாய்விட்டுச் சொன்னார்களே என்று இருந்தது. அது ஒரு நிமிஷம்தான்.

“ஆனா நானூறு பேர்கிட்ட சொல்லியாச்சு. இனி வெளிய தெரிஞ்சா ரெண்டு குடும்பத்துக்கும் கேவலம். உங்களுக்கே புரியும். இது நமக்குள்ளயே இருக்கட்டும், என்ன? எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் இனிமே உங்ககிட்டதான் அட்டை வாங்குவேன்.”

“அட்டை தர மாட்டேங்க. உங்க பையில இருக்கறதுல அந்தக் கடைசி வரியை மட்டும் அடிச்சிடுங்க. உங்க கையால. நான் வேற எதுவும் கேக்கலை, யார்கிட்டயும் போய்ச் சொல்லவும் மாட்டேன்.” ஆஸ்பத்திரிக் கோட்டின் பையில் செருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினாள்.

அந்த அம்மா பேனாவைப் பார்த்தார்கள். பையின் வாயைக் கையால் மூடிக்கொண்டார்கள். “வீட்டுல போய்ப் பண்ணிடறேன்மா” என்றார்கள்.

“சரிங்க. மேல பாருங்க” என்று சொல்லிச் சொட்டு விட்டாள்.

கணவர் கூரியர் வேலையை விட்டுவிடுவதாக இரண்டு முறை சொன்னார், விடவில்லை. அவளும் விடச் சொல்லவில்லை. பேச்சு நின்றுபோகவில்லை. காய்கறி, மின்சார பில், கால் வலி என்று எல்லாம் பேசிக்கொண்டார்கள். அவள் வரையும்போது மட்டும் அவர் பக்கத்தில் வந்தால் தாளைத் திருப்பிப் போட்டுவிடுவாள். அவளுக்குப் பொறாமை, கல்யாணத்துக்குக் கூப்பிட்டும் வரவில்லை என்று மேல்வீட்டுக்காரி சொல்லிவருவதாக இரண்டாவது மாடியிலிருந்து காதுக்கு வந்தது. கட்டடத்தில் யாரையுமே கூப்பிடாத கல்யாணம் அது. கேட்டவர்களுக்கும் அது தெரியும். இருந்தும் தலையாட்டினார்களாம்.

அடுத்த வருடம் மேல்வீட்டுக்காரி மகள் இருக்கும் பக்கமாக வீடு மாற்றிக்கொண்டு போனாள். லாரியில் கட்டில், பீரோ எல்லாம் ஏறின பிறகு வந்து கதவைத் தட்டினாள். கையில் தூரிகையோடு இவள் திறந்தாள்.

“போயிட்டு வரேன் அக்கா.”

இத்தனை வருடமாக அந்த வார்த்தைக்கு ஒரே பதில்தான். நாக்கு நுனி வரை வந்தது.

“சரி, போ” என்றாள்.

உள்ளே மேசையில் இதழில் தடவிய தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.